மூன்றாவது வருடத்துக்கான அணி

1

யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் தங்கச்சி சனிக்கிழமைகளில்தான் எனக்குப் போன் எடுப்பாள். பல சனிக்கிழமைகளில் நான் போனைத் தூக்குவதில்லை. கொஞ்சக் காலம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள்.

"என்னக்கா, என்னோட கோவமோ?"

"கோவமில்லையடி. மைதானத்தில நிக்கிறனான். மட்ச்."

"விளையாடுறது மதுரா எல்லோ. நீங்கள் ஏன் அங்க நிக்கிறீங்கள்?"

"டீமுக்கு ஆள் எடுக்கிறது நான்தான்."

"அக்கா, உங்களுக்கு ஐம்பத்தி மூண்டு வயசு" என்றாள். வயதைச் சரியாகத்தான் சொன்னாள்.

அவளுக்கும், அவளைப் போல அங்கிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கும் முதலில் விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். இது அவுஸ்திரேலிய உதைபந்தாட்டம். பந்து உருண்டை இல்லை, உரிக்காத தேங்காய் மாதிரி இருக்கும். காலால் உதைக்கலாம், கையாலும் பிடிக்கலாம், ஆனால் எறியக்கூடாது. பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கொடுப்பதென்றால் முஷ்டியால் குத்திக் கொடுக்க வேண்டும். மைதானத்தின் இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பங்கள். நடுவில் உள்ள இரண்டுக்கும் இடையால் உதைத்தால் ஆறு புள்ளி, ஓரத்தால் போனால் ஒன்று. ஜேர்மனியில் இதை ஆடுகிறவர்கள் மிகச் சிலர். எங்கள் மாடியில் இருக்கும் ஜேர்மன்காரிக்கு நான் இதை மூன்று தரம் விளங்கப்படுத்திவிட்டேன். இன்னும் அவள் நாங்கள் றக்பி ஆடுவதாகத்தான் நினைக்கிறாள்.

மதுரா எங்கள் ஒரே பிள்ளை. பரதநாட்டிய வகுப்புக்கு அழுது அழுது போனவள், பதினாறு வயதில் பள்ளித் தோழி ஒருத்தியோடு இதைச் சும்மா பார்க்கப் போய், முழங்காலைக் கிழித்துக்கொண்டு சிரித்தபடி வந்தாள். பயிற்சி மைதானம் டோர்ட்மண்டின் ஓரத்தில், ட்ராம் முடிகிற இடத்துக்கும் அப்பால். ஏற்றி இறக்குவது என் வேலையாயிற்று. காருக்குள் இருந்து நடுங்குவதை விட வெளியில் நின்று நடுங்கலாம் என்று இறங்கிப் பார்க்கத் தொடங்கினேன். பார்க்கப் பார்க்க எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. விளையாட்டைப் பார்த்து இல்லை, ஆட்களை வைத்திருந்த சீரைப் பார்த்து.

நான் முதியோர் இல்லம் ஒன்றில் டீன்ஸ்ட்பிளான் போடுகிறவள். எந்தப் பராமரிப்பாளர் எந்த நாள், எந்த நேரம் வேலைக்கு வருவது என்ற அட்டவணை. யார் பிள்ளைத்தாச்சி, யாருக்கு நாரி நோவு, யார் அடுத்த வருடம் ஓய்வு, யார் ஒளித்து வேறு வேலை தேடுகிறாள் என்பதெல்லாம் அவர்கள் வாய் திறக்கும் முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். இங்கே பயிற்சியாளர் பிரெட் என்றால், ஆட்டத்துக்குப் புறப்படுகிற காலையில்தான் ஆட்களை எண்ணுவார். அவர் அவுஸ்திரேலியர், ஜேர்மன் பெண் ஒருத்தியைக் கட்டி இங்கேயே தங்கிவிட்டவர். நல்ல மனிதர், ஆனால் நாளைக்கு என்ற சொல்லே அவரிடம் கிடையாது. ஒரு நாள் பொறுக்க முடியாமல் என் ஜேர்மனில் சொன்னேன்: "இன்றைக்கு ஆள் குறைவது பிரச்சினை இல்லை. மூன்று வருடம் கழித்தும் உங்களுக்கு ஆள் இருக்காது. அதுதான் பிரச்சினை." அவர் கையிலிருந்த பெயர்த் தாளை அப்படியே என்னிடம் நீட்டினார். அன்றிலிருந்து நான்தான்.

2

எங்கள் தொடரில் பெண்கள் அணி நாலு: கொலோன், டோர்ட்மண்ட், லைப்சிக், வடக்கே இன்னொன்று. பயிற்சி அவரவர் ஊரில். ஆட்டம் ஒரு சில சனிக்கிழமைகளில் மட்டும். முன்பு புதிதாக வருகிற கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் வெல்லுகிற கொலோனுக்கே ஓடிப்போனார்கள். மற்ற அணிகள் ஆளில்லாமல் செத்துக்கொண்டிருந்தன. ஆகவே அவுஸ்திரேலியாவில் பெரிய அணிகளுக்கு இருக்கிற விதியை இங்கேயும் கொண்டுவந்தார்கள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் புதியவர்கள் எல்லாரையும் ஓர் இடத்துக்குக் கூப்பிட்டு ஓடவிட்டுப் பார்ப்பது. பிறகு அணிகள் சுற்று முறையில் ஒவ்வொருவராகத் தெரிவு செய்வது. போன வருடம் கடைசியாக வந்த அணிக்கு முதல் தெரிவு, வென்ற அணிக்குக் கடைசித் தெரிவு. எந்த அணி எடுத்ததோ அதற்குத்தான் அந்தப் பிள்ளை ஆடலாம். வேறு ஊரில் குடியிருந்தால் ரயில் ஏறி வர வேண்டும். ஓர் அணி தன் ஆட்டக்காரியை இன்னோர் அணிக்கு விட்டுக்கொடுத்தால், பதிலுக்கு அந்த அணியின் தெரிவு ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். கடைசியாக வருவதில் எங்களை யாரும் மிஞ்ச முடியாததால் முதல் தெரிவு எப்போதும் எங்களுடையது.

மற்றவர்கள் வந்த அன்றே ஆடக்கூடியவளைத்தான் எடுப்பார்கள். கொலோன்காரர் ஒரு முறை, கம்பனி அனுப்பி இரண்டு வருடத்துக்கு வந்த அவுஸ்திரேலியப் பெண்ணை எடுத்தார்கள். இரண்டு வருடமும் வென்றார்கள். அவள் விமானம் ஏறியதும் நடுவில் பெரிய ஓட்டை. நான் அப்படிப்பட்டவர்களைத் தொடவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயது, இந்தப் பக்கத்திலேயே படிப்பு, இந்தப் பக்கத்திலேயே தாய் தகப்பன், காலில் பழைய காயம் இல்லை. அப்படித் தேடித் தேடி எடுத்தேன். இப்போது தோற்கட்டும். ஒன்றாகத் தோற்றால்தான் யார் எங்கே ஓடுவாள் என்று மற்றவளுக்குத் தெரியும். மூன்றாவது வருடம் எழும்பி நிற்பார்கள். இதுதான் என் திட்டம். நடுவில் நிற்பவள் மதுரா, அவளைச் சுற்றித்தான் எல்லாம்.

திட்டத்தைக் குசினிச் சுவரில், கோயில் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தேன். இவர், அதாவது என் மனுசன், தேத்தண்ணிக் கோப்பையோடு வந்து அதைப் பார்ப்பார்.

"குளியலறைக் குழாய் ஒழுகுது. அதுக்கும் ஒரு மூண்டு வருசத் திட்டம் போடுமன்."

"பகிடி விடாமல் குழாயைத் திருத்துங்கோ."

"மூண்டாம் வருசம் திருத்துறன்."

எனக்கு ஒரு அணி எப்படிக் கரையும் என்று தெரியும். யாழ்ப்பாணத்தில் படிக்கும்போது நானும் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் இருந்தவள்தான், வெளியில் உட்காருகிற ஆளாக. காலையில் விளையாட்டு ரீச்சர் பெயர் எழுதிக் கரும்பலகையில் போடுவா. அடுத்த கிழமைக்குள் ஒருத்தியின் குடும்பம் வன்னிக்கு இடம்பெயர்ந்திருக்கும், ஒருத்தி கொழும்புக்குப் போயிருப்பாள், ஒருத்தி வெளிநாடு. கடைசியில் ரீச்சர் பெயர் எழுதுவதையே விட்டுவிட்டா. "ஆரார் நிக்கிறீங்கள்? சரி, நீங்கள்தான் டீம்" என்பா. அப்படித்தான் எனக்கும் ஒரு முறை ஆட இடம் கிடைத்தது. அந்தச் சந்தோசம் எனக்கு ஒட்டவே இல்லை.

3

நீண்டகாலத் திட்டம் என்ற சொல்லைப் பிரெட் சாதாரணமாகச் சொல்லுவார். என் வாயில் அது இப்போதும் கொஞ்சம் பெரிய சொல்லாகத்தான் இருக்கிறது.

நாங்கள் வந்து அசூல், அதாவது அகதித் தஞ்சம், கேட்டபோது முதலில் கிடைத்தது டுல்டுங். திருப்பி அனுப்பாமல் இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்று அர்த்தம். மூன்று மாதத்துக்கு ஒரு முத்திரை. முத்திரை முடிகிற கிழமையில் விடியப் போய் வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே இருக்கிற பெண் தாளைப் புரட்டிப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றி, மறுபடி போட்டு, குத்துவாள். வெளியே வந்ததும் அடுத்த முத்திரையின் யோசனை தொடங்கிவிடும். அந்தக் காலத்தில் இவர் பெரிய அரிசி மூட்டை வாங்க விடமாட்டார். அனுப்பிவிட்டால் மிச்சத்தை என்ன செய்வது என்று சின்னப் பையாகத்தான் வாங்குவோம். சுவரில் ஆணி அடிக்கவில்லை. அப்படி வருடக்கணக்காக.

ஒரு நாள் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. அலுவலர் "உன்பெஃப்ரிஸ்டெட்" என்றார். கால எல்லை இல்லை என்பதுதான் அதன் பொருள். நான் பழக்க தோசத்தில், "எந்தத் தேதி மட்டும்?" என்று கேட்டேன். அவர் திரும்பச் சொன்னார். நானும் திரும்பக் கேட்டேன். இவர் என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தார். வெளியில் வந்துதான் எனக்கு விளங்கியது. வீட்டுக்குப் போகும் வழியில் பெரிய மூட்டை அரிசி வாங்கினோம்.

அதற்குப் பிறகு நான் தேவைக்கு மேலேயே திட்டம் போடுகிறவளாகிவிட்டேன் என்று மதுரா சொல்லுவாள். இருக்கலாம். களைத்துப்போய் வீட்டுக்கு வந்தாலும், சுவரில் இருக்கிற அந்தத் தாளில் இரண்டு வருடம் தள்ளி ஒரு பெயரைப் பார்க்கும்போது எனக்கு ஒரு ஆறுதல் இருந்தது.

4

பிள்ளைகளை எடுப்பதற்கு முன் அவர்களோடும் தாய்மாரோடும் கதைப்பேன். ஜேர்மன் பிள்ளைகளோடு கரைச்சல் இல்லை. "இரண்டு வருடம் இருப்பேன், பிறகு தெரியாது" என்று முகத்துக்கு நேரே சொல்லுவார்கள். முதலில் எனக்கு அது மரியாதையில்லாத கதையாகப் பட்டது. பிறகு அதுதான் வசதி என்று கண்டுகொண்டேன்.

எங்கட ஆட்களோடுதான் மண்டை காயும். இங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் சிலரையும் சேர்க்கப் பார்த்தேன். தாய்மார் எல்லாரும் "ஓம் ஓம், வருவா" என்றார்கள். ஒருத்தியும் வரவில்லை. கோயிலில் கண்டு கேட்டால் மறுபடியும் "ஓம் அக்கா, அனுப்புறன்". பிரெட் கேட்டார்: "ஆம் என்றார்களே?" நான் அவருக்கு விளங்கப்படுத்தினேன். எங்கள் ஓம் எல்லாம் ஆம் இல்லை. சிலது, நீங்கள் சொல்லுவது காதில் விழுகிறது என்பது. சிலது, இந்தக் கதையை இத்தோடு முடியுங்கோ என்பது. சிலது மரியாதை. எது எது என்று முகத்தைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்படியானால் இல்லை என்பதற்கு என்ன சொல்லுவீர்கள்?" என்றார். "பாப்பம்" என்றேன்.

மதுராவிடம் மட்டும் நான் ஒன்றும் கேட்டதில்லை. சொந்தப் பிள்ளையிடம் எத்தனை வருடம் இருப்பாய் என்று யார் கேட்பார்கள்? அவள் டோர்ட்மண்டுக்குப் பக்கத்திலேயே பல்கலைக்கழகம் போனாள், காலநிலை சம்பந்தமான படிப்பு. மழை வரும் என்று சொல்லவா படிக்கிறாள் என்று தங்கச்சி சிரித்தாள். வீட்டில் இருந்தாலும் அவள் வீட்டில் இல்லை. அறைக் கதவு சாத்தியிருக்கும், காதில் ஏதாவது கொளுவியிருக்கும். சாப்பிடும்போது பாதி ஜேர்மன், பாதித் தமிழ், மிச்சம் தோளைக் குலுக்குவது. ஆனால் பயிற்சிக்குப் போகிற செவ்வாய்க்கிழமைகளில் காரில் ஏறியதும் கதைப்பாள். என்ன மாயமோ தெரியாது. நான் றோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கலாம். சிநேகிதிகள், பேராசிரியர், தலைமயிர், எல்லாம் கொட்டும். இந்த அணியை நான் ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழுதேன் என்று கேட்டால், வெட்கத்தை விட்டுச் சொல்லுகிறேன், அந்தச் செவ்வாய்க்கிழமைக் காருக்காகத்தான்.

5

இந்த வருடம்தான் மூன்றாவது வருடம். மார்ச்சில் தெரிவு நாள் வந்தது. ஒரு கால்பந்துக் கழகத்தின் சாப்பாட்டு அறையைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். வெளியே ஈரப் புல்லில் புதிய பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்து முடிந்தது. உள்ளே மேசையில் நாலு விதமான கேக். எந்த ஜேர்மன் கூட்டத்திலும் கேக் வெட்டாமல் அலுவல் தொடங்காது.

நான் கோப்பியோடு நின்றேன். லைப்சிக் அணிக்கு ஆள் எடுக்கிறவ, உல்ரிக என்ற ஒரு உயரமான பெண், தட்டில் கேக்கோடு வந்து பக்கத்தில் நின்றா. மழை, ரயில் தாமதம் எல்லாம் கதைத்துவிட்டு, "மதுராவுக்காக எங்கள் இரண்டாம் சுற்றுத் தெரிவைத் தரலாம். எப்படியும் ஏப்ரலில் அவள் எங்கள் ஊருக்குத்தானே வருகிறாள்" என்றா.

எனக்கு முதலில் ஜேர்மன் விளங்கவில்லை என்றுதான் நினைத்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு அப்படி நடக்கும், ஒரு வசனம் சட்டென்று வெறும் சத்தமாகிவிடும். பிறகு விளங்கியது. "ஓ, ஏப்ரலில்" என்று சொல்லிவிட்டு கோப்பியை வைத்துவிட்டு வெளியே போனேன்.

மதுரா வாசலில் சப்பாத்துச் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"நீ லைப்சிக்குக்குப் போறியோ?"

நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"ஓம். மாஸ்டர் படிக்க. உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்கு ஆர் சொன்னது?"

"நான்தான் சொன்னனான் அம்மா. காருக்குள்ள. லைப்சிக்குக்கு விண்ணப்பம் போடட்டோ எண்டு கேட்டனான். நீங்கள் ஓம் எண்டனீங்கள். இடம் கிடைச்சிட்டுது எண்டும் சொன்னனான். அதுக்கும் ஓம் எண்டனீங்கள். அப்பாட்டையும் சொன்னனான். அவர் உங்களிட்டைக் கேக்கச் சொன்னவர். நீங்கள் ஓம் எண்டதாலதான் நான் அறை பாத்தனான்."

நான் சொல்லியிருப்பேன். நன்றாகத் தெரியும், சொல்லியிருப்பேன். அவள் கொட்டிக்கொண்டிருக்க, நான் சிவப்பு விளக்கில் நின்று, பின்வரிசையில் யாரைப் போடுவது, இடது மூலைக்காரி பிள்ளைத்தாச்சி ஆனால் யார் என்று மனதுக்குள் பெயர் மாற்றிக்கொண்டு, வாயால் ஓம் போட்டிருப்பேன். ஊர் முழுக்கத் தாய்மாரின் ஓமைத் தரம் பிரித்தவள், என் வாயிலிருந்து விழுந்த ஓமைக் கவனிக்கவில்லை. அவள் இங்கே வளர்ந்த பிள்ளை. ஓம் என்றால் ஓம் என்று எடுத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. கோபம்போல முகத்தை வைத்துக்கொண்டேன்.

"சரி, படிக்கப் போ. ஆரு வேண்டாமெண்டது? ஆனா ஆட்டத்துக்கு இஞ்ச வரலாம்தானே. ரயில் இருக்கு."

"ஏலாது அம்மா."

"ஏன் ஏலாது? எத்தினை பேர் வருகினம்."

"அம்மா, அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது." இதைச் சொல்லும்போது அவள் குரல் சின்னதாகிவிட்டது. "அந்த டீமோட ஆடினாத்தான் எனக்கு ஆக்கள் கிடைப்பினம். சும்மா பயிற்சிக்கு மட்டும் போறவளோட ஆர் சேரப் போயினம்? நீங்கள் எனக்கு விடுதலை எழுதித் தரவேணும்."

ஃபிரைகாபே என்று ஒரு படிவம் இருக்கிறது. இந்த ஆட்டக்காரியை வேறு அணிக்கு விடச் சம்மதம் என்று, ஆள் எடுக்கிறவர் கையெழுத்து வைப்பது. கையெழுத்து இல்லாவிட்டால் அவள் ஒரு வருடம் எந்தப் புதிய அணிக்கும் ஆட முடியாது. அந்தச் சொல்லை அவள் தனக்குத் தெரிந்த தமிழில் மாற்றினாள். விடுதலை என்றால் எங்கள் காதுக்கு என்னவெல்லாம் கேட்கும் என்று அவளுக்குத் தெரியாது. நான் திருத்தவும் இல்லை.

பிரெட்டும் வாசலுக்கு வந்துவிட்டார். அவருக்கு உல்ரிக சொல்லியிருக்க வேண்டும். "வசந்தா, நீங்கள் கையெழுத்து வைக்காவிட்டால் அவள் எங்களுக்கு ஆடத்தான் வேண்டும்" என்றார் மெதுவாக. "இரண்டு வருடம் தோற்றோம். இந்த வருடத்துக்காக." அவர் பிழையாக ஒன்றும் சொல்லவில்லை. அது என் வசனம், என் திட்டம். கையெழுத்து வைக்காவிட்டால் ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் அவள் வருவாள், வெள்ளி வீட்டில் படுப்பாள், ஞாயிறு சோறு சாப்பிட்டுவிட்டுப் போவாள். மற்ற நாட்களில் ஒரு அறையில் தனியாக இருப்பாள். தெரியாத ஊரில் ஒருத்தரையும் தெரியாமல் ஓர் அறையில் இருப்பது என்ன என்று எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. அந்த இடத்தில் நான் முடிவெடுத்துவிட்டேன். அதைப் பெரிய தியாகமாக யாரும் நினைக்க வேண்டாம், கால் உளைந்தது, நிற்கவும் ஏலாமல் இருந்தது.

உள்ளே போய் உல்ரிகவிடம், "கூட்டிக்கொண்டு போங்கள். ஒன்றும் தர வேண்டாம்" என்றேன். பெற்ற பிள்ளைக்கு யார் விலை கேட்பது?

பின்னால் வந்த மதுரா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"சும்மாவோ குடுக்கிறீங்கள்?"

"பிறகென்ன?"

"நான் என்ன ஒண்டுக்கும் உதவாத ஆளோ? எல்லாருக்கும் முன்னால சும்மா எடுங்கோ எண்டால் அங்க என்னை ஆர் மதிப்பினம்? பிரெட் பாவம், அவருக்கு ஆர் ஆள் குடுக்கிறது? அம்மா, நீங்கள் எங்கட டீமுக்கு ஆள் எடுக்கிறனீங்கள். எடுங்கோ."

சொல்லிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் கேக் மேசைக்குப் போய்விட்டாள். நான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு உல்ரிகவிடம் திரும்பினேன். இரண்டாம் சுற்றுக்கு என் பிள்ளையைக் கேட்டது அப்போதுதான் உறைத்தது. "முதல் சுற்றுத் தெரிவு" என்றேன். "இல்லாவிட்டால் கதை இல்லை." உல்ரிக சிரித்தா. நான் சிரிக்கவில்லை. அவள் சுழலும் விதம், மூச்சு, மூன்று வருடத்தில் ஒரு பயிற்சியும் விடாதது, எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். உல்ரிக போய் யாருக்கோ போன் எடுத்துக் கதைத்துவிட்டு வந்து, சரி என்றா.

அன்று எங்களுக்கு முதல் சுற்றில் இரண்டு தெரிவு. கைப்பந்து ஆடுகிற உயரமான பிள்ளை ஒருத்தியையும், நல்ல ஓட்டக்காரி ஒருத்தியையும் எடுத்தேன். பிரெட் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். நான் படிவத்தில் கையெழுத்து வைத்தேன்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் இவர் கேட்டார்: "சம்பந்தம் பேசி முடிச்சிட்டீர். மாப்பிள்ளை ஆர்?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு எழும்பிப் போய்த் தேத்தண்ணி ஊற்றினார்.

6

ஏப்ரலில் அவளுடைய பெட்டிகளை ஏற்றிக்கொண்டு லைப்சிக் போனோம். அங்கே விலாசம் பதிவதற்கு டெர்மின் என்று முதலே நேரம் குறித்து எடுக்க வேண்டும், வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும், அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழை என்று மறுபடி போக வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைக்கும் அதே வரிசைதான். ஒரு வித்தியாசம், அவள் கோபப்பட்டாள். நாங்கள் ஒருநாளும் கோபப்பட்டதில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் நான் மைதானத்துக்குத் தனியாகப் போனேன். காரில் வானொலியைப் போட்டேன், பிறகு நிற்பாட்டினேன். புதிய பிள்ளைகளின் பெயர் நாக்கில் வரவில்லை. அலுப்பாக இருந்தது. இதை எதற்குச் செய்கிறேன் என்று யோசித்தபடியே அடுத்த மூன்று வருடத்துக்கான தாளை ஒட்டினேன். மதுரா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். "எப்பிடிப் பிள்ளை?" என்றால் "நல்லம்". "ஆக்கள் பழக்கமாச்சோ?" என்றால் "பரவாயில்லை". முகம் பார்க்காமல் அந்தப் பரவாயில்லையை என்னால் தரம் பிரிக்க முடியவில்லை. ஒரு தாய்க்கு அதைவிட வேறு என்ன தெரிய வேண்டும்? அதுவே எனக்குத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை லைப்சிக் எங்களிடம் ஆட வந்தது. மதுரா மற்ற நிறச் சட்டையில் பஸ்ஸால் இறங்கி என்னைக் கட்டிப்பிடித்துவிட்டுத் தன் ஆட்களிடம் ஓடினாள். ஆட்டத்துக்கு முன் பிரெட் என்னிடம் வந்தார்.

"அவளை எப்படி நிறுத்துவது?"

அவருக்கும் பாதி தெரியும், இருந்தாலும் கேட்டார். நான் டோர்ட்மண்ட் ஆள். சொல்லித்தான் ஆக வேண்டும்.

"வலது காலுக்குப் பந்து போக விடவேண்டாம். இடது பக்கம் தள்ளினால் குழம்பிவிடுவாள். இடது காலால் அவளுக்கு உதைக்க வராது."

அந்த உயரமான புதிய பிள்ளை அதை வடிவாகச் செய்தாள். ஒவ்வொரு முறையும் மதுராவை இடது ஓரத்துக்குத் தள்ளினாள். நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பிள்ளை விழாமல் இருக்க வேண்டும் என்றும், எங்கள் ஆட்கள் விடாமல் இருக்க வேண்டும் என்றும் ஒரே நேரத்தில் நினைத்தபடி. ஆட்டத்தின் நாலு கட்டத்தில் மூன்றாவதில் மதுரா மறுபடி இடது பக்கம் தள்ளப்பட்டாள். அவள் குழம்பவில்லை. தள்ளிய பக்கமே ஓடினாள், கோட்டோடு ஓடி, ஓடுகிற ஓட்டத்தில் இடது காலால் உதைத்தாள். பந்து நடு இரண்டு கம்பத்துக்கும் இடையால் போனது. லைப்சிக் பிள்ளைகள் எல்லாரும் அவள் மேல் போய் விழுந்தார்கள். பிரெட் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கை தட்டிக்கொண்டிருந்தேன். எப்போது தட்டத் தொடங்கினேன் என்று தெரியவில்லை.

ஆட்டம் முடிந்து, நாங்கள் தோற்று, அவள் சேறும் வேர்வையுமாக வந்து என் முன்னால் நின்றாள். பஸ்ஸுக்குள் இருந்து இரண்டு மூன்று பேர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள்தானே அவையளுக்குச் சொல்லிக் குடுத்தது?"

"பின்ன ஆர்? உனக்கு இடது கால் ஆர் பழக்கினது?"

"ஒருத்தரும் பழக்கேல்லை அம்மா. போன முதல் நாள் பாத்தன், வலது பக்கம் முழுக்க ஆக்கள், கனகாலமா ஆடுற ஆக்கள். எங்க இடமிருக்கு எண்டு கேட்டன். இடது பக்கம்தான் எண்டிச்சினம். போய் நிண்டன்."